அந்த ஃபார்வர்ட் மெசேஜை அழித்துவிடுங்கள்

 

இது கொஞ்சம் பெரிய பதிவு. வழக்கம்போல ராசிபுரம் மழையைப் பற்றியோ என் முழங்கால் வலியைப் பற்றியோ எழுதவில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். வகுப்பில் போர்டில் தப்பாக ஒரு கணக்கைப் போட்டுவிட்டால், டஸ்டரை எடுத்து நானே அழித்துவிட்டு, "டீச்சர் தப்பு பண்ணிட்டேன், எல்லாரும் நோட்டில் அடிச்சிட்டு திருப்பி எழுதுங்க" என்று சொல்வேன் அல்லவா? அந்த மாதிரி இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரை மாதம் நம் 2009 பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு மெசேஜ் ஃபார்வர்ட் செய்திருந்தேன். கைக்குழந்தை கொழுகொழு என்று வளர ராகிப் பால். ராகியை ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, காய்ச்சி, மூன்றாம் மாதத்திலிருந்தே சங்கில் புகட்டலாம், வெயில் காலமென்றால் நடுநடுவே கொதித்து ஆறிய தண்ணீர் கொடுக்கலாம் என்று இருந்தது. மெசேஜோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு மேல் நான் ஒரு வரி சேர்த்தேன்: "நானும் என் பிள்ளைகளுக்கு இப்படித்தான் கொடுத்தேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

முப்பத்திரண்டு பேர் கும்பிடு போட்டீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒரு நாள் மதியம் போன் வந்தது. வெண்ணந்தூர் பக்கத்து ஊர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிற பெண். அவளும் என்னிடம் படித்தவள்தான், இந்தக் குழுவுக்குப் பல வருஷம் மூத்தவள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"டீச்சருங்களா? ஒண்ணு கேக்கோணும், தப்பா நெனைச்சுக்காதீங்க. மூணு மாசத்துல ராகிப் பால் குடுக்கச் சொல்லி நீங்க அனுப்புனீங்களாமுங்க?"

"ஆமா கண்ணு, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. அதானுங்க பிரச்சனை. ரெண்டு மாசமா எடையே ஏறலை."

அவள் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். பெண் குழந்தை. பிறந்தபோது 2.9 கிலோ. மூன்றாம் மாத முடிவில் 5.7. நான்காம் மாதம் 5.9. ஐந்தாம் மாதமும் 5.9.

குழந்தையின் அம்மா நம் 2009 செட். வீட்டிலேயே விசைத்தறி. தறி ஓடிக்கொண்டே இருக்கும்போது நடுவில் எழுந்து வந்து பால் கொடுப்பது கஷ்டம். "பால் பத்தலையோ என்னமோ, குழந்தை அழுதுகிட்டே இருக்கு" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து என் மெசேஜ். "டீச்சரே சொல்லியிருக்காங்க" என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். ஒரு வேளை ராகிப் பால், பிறகு இரண்டு வேளை, வெயிலுக்குத் தண்ணீர். நடுவில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு.

இதில் என்ன தப்பு என்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. ராகி நல்லதுதானே? அங்கன்வாடிப் பெண்தான் விளக்கினாள். அந்த வயதில் குழந்தையின் வயிறு சின்னக் கிண்ணம் மாதிரி. அதில் தண்ணியான ராகிப் பாலை ஊற்றினால் வயிறு நிறையும், பசி அடங்கும், ஆனால் சத்து கொஞ்சம்தான் உள்ளே போகும். வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும். குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுதான் சுரக்கும் என்பதால் தாய்க்கும் பால் குறையும். பால் குறைந்தது என்று இன்னொரு வேளை ராகிப் பால். இப்படியே சுற்றும். தண்ணீரும் அப்படித்தான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர்தான். நம் சேலம், நாமக்கல் கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தனியாக ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. கொடுக்கிற தண்ணீர், துணி, சங்கு, கிண்ணம் எல்லாம் வயிற்றுப்போக்குக்கு வழி.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு 1982 ஞாபகம் வந்தது. பெரியவன் ஐந்தாம் மாதம் வயிற்றுப்போக்கில் நாலு நாள் சேலத்தில் ட்ரிப்ஸோடு கிடந்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அவனுக்குக் கொடுத்தது டப்பாப் பாலும் ராகிப் பாலும். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று எழுதும்போது அந்த நாலு நாளை நான் எப்படி மறந்தேன்? பிழைத்த பிள்ளைகளின் அம்மாக்கள்தான் இப்படி எழுதுகிறோம். அந்தக் காலத்தில் பிழைக்காத பிள்ளைகளும் எங்கள் தெருவில் இருந்தார்கள். இரண்டே இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு சூத்திரம் எழுதினால் நான் உங்கள் விடைத்தாளில் எத்தனை மார்க் போட்டிருப்பேன்?

அடுத்த நாள் பஸ் பிடித்து வெண்ணந்தூர் போனேன். போனில் மன்னிப்புக் கேட்கிற விஷயம் இல்லை இது.

அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அங்கன்வாடியில் இப்போது எல்லாமே செல்போனில்தான். போஷன் டிராக்கர் என்று ஒரு ஆப். 2021 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் எல்லோர் விவரமும் அதில் ஏறுகிறது. மாதாமாதம் குழந்தையின் எடையையும் உயரத்தையும் போட்டால், வயதுக்கேற்ற எடை இருக்கிறதா என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். சிக்னல் சரியாகக் கிடைப்பது வெளியே வேப்பமரத்தடியில்தான் என்பதால், எடை போடுவது உள்ளே, எண்ணைப் பதிவது வெளியே.

நம் பாப்பாவுக்கு அந்தக் கணக்குப்படி வந்த பதில் "நார்மல்". அது சரியான பதில்தான். ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு நடு எடை 6.9 கிலோ. 5.4-க்குக் கீழே போனால்தான் எடை குறைவு. 5.9 என்பது கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது.

"அப்புறம் எப்படிக் கண்ணு கண்டுபிடிச்ச?" என்றேன்.

அவள் எழுந்துபோய்ப் பாப்பாவின் தாய் சேய் நல அட்டையை எடுத்து வந்தாள். உள்ளே இளஞ்சிவப்பில் வளர்ச்சி வரைபடம், பையன்களுக்கு நீலத்தில். மாதாமாதம் பேனாவால் புள்ளி வைத்து, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறாள். மூன்று மாதம் வரை கோடு நன்றாக மேலே ஏறுகிறது. நான்காம் மாதம் சாய்கிறது. ஐந்தாம் மாதம் படுத்துவிட்டது.

"புள்ளி எங்க இருக்குன்னு பாக்காதீங்க, கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்கன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று முப்பது வருஷத்துக்கு மேல் கத்தியிருக்கிறேன். கிராஃப் பேப்பர் வாங்கி வராதவர்களை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அது ஒரு குழந்தையின் உயிருக்கு உதவும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. பத்து மார்க் கேள்வி என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கணக்கு டீச்சர் புத்தி, அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் தூக்கம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து போட்ட கோடுகள். நம் நாட்டில் டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஆரம்ப வருஷங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது. "நம்ம ஊர்ப் புள்ளைங்க அப்படித்தான் சின்னதா இருக்கும்" என்று சொல்வதற்கு இதில் இடமில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 1980-லேயே உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று, மதுரைப் பக்கம் ஆரம்பித்து நடந்திருக்கிறது. மாதாமாதம் சின்னக் குழந்தைகளை எடை போட்டு, எடை குறைவாக இருப்பவர்களோடு, எடை ஏறாமல் நின்றுபோனவர்களையும் கண்டுபிடித்து அவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்திருக்கிறார்கள். செல்போன் இல்லாத காலத்தில், காகித அட்டையையும் ஒரு தராசையும் வைத்துக்கொண்டு. 82-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, இது யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கே இப்போதுதான் தெரியும்.

சரி, பாப்பாவுக்கு என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதலில் டாக்டரிடம் காட்டினார்கள். வேறு நோய் எதுவும் இல்லை. ராகிப் பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலுக்குத் திரும்ப வேண்டும் என்றார். ஆனால் "பால் கொடும்மா" என்று சொல்லிவிட்டால் போதுமா? அவளுக்குப் பால் குறைந்துபோயிருந்தது, காம்பில் வெடிப்பு வேறு. கொடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறாள்.

கிராம சுகாதார செவிலியர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அவர் தினமும் வர முடியாதே. அதனால் அங்கன்வாடிப் பெண் தன் செல்போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற திட்டத்தில் தாய்ப்பால், இணை உணவு பற்றியெல்லாம் பல இந்திய மொழிகளில் வீடியோக்கள் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. கட்டணம் கிடையாது, பின்னணியில் பாட்டு கிடையாது, யாரும் எதையும் விற்பதில்லை. நிதானமாக, பாடம் நடத்துகிற குரல். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வலது மார்பில் கொடுக்கும்போது குழந்தையை இடது கையால் பிடிக்கிற முறை ஒன்றைக் காட்டுகிறார்கள். குழந்தையின் வயிறு அம்மாவின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில். முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் பால் சரியாக வராது, காம்பும் வெடிக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி நிறைய வாய்க்குள் போக வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும்.

பசங்களா, இதையெல்லாம் டீச்சர் ஃபேஸ்புக்கில் எழுதுகிறாரே என்று கூச்சப்படாதீர்கள். உங்களில் பாதிப் பேர் இப்போது அப்பாக்கள். தெரிந்துகொள்ளுங்கள்.

அறுபத்தொன்பது வயதில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நான் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன். இப்படிப் பிடி, இப்படிக் கொடு என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "உனக்குப் பால் பத்தலை" என்று மட்டும் சொன்னார்கள். கடையில் டப்பா இருந்தது. டப்பா மேல் கொழுத்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. என் குழந்தையும் அப்படி ஆகும் என்று வாங்கினேன். அப்படிப் படம் போடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, இலவசமாகக் கொடுத்து ஆசை காட்டக் கூடாது என்று 1992-ல் சட்டம் வந்தது. 2003-ல் அதை இரண்டு வயது வரைக்குமான உணவுகளுக்கும் இறுக்கினார்கள். எனக்குப் பத்து வருஷம் தாமதம்.

டப்பா மேலிருந்து போன அந்தக் கொழுத்த குழந்தை இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது என்று தோன்றுகிறது. ரீல்ஸில் ஒரு அழகான பெண் "என் பாப்பாவுக்கு நான் இதைத்தான் கொடுக்கிறேன்" என்று சிரிக்கிறாள். அது விளம்பரம் என்று எங்கும் எழுதியிருக்காது. பால்மாவு நிறுவனங்கள் ஆப்கள், தாய்மார் குழுக்கள், இப்படிப்பட்ட பிரபலங்கள் மூலமாக உலகம் முழுக்க எப்படி அம்மாக்களின் செல்போனுக்குள் நுழைகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு அறிக்கையே போட்டது. ஆனால் அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரோ ஒரு பெண் ரீல்ஸில் சொன்னதை நம் பிள்ளை கேட்டிருக்க மாட்டாள். டீச்சர் சொன்னதால் கேட்டாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாமியார் தறியைப் பார்த்துக்கொள்வது, மருமகள் மூன்று வாரம் குழந்தையோடேயே இருப்பது என்று முடிவானது. முதலில் தயங்கிய மாமியார், வரைபடத்தைக் காட்டியதும் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். "கோடு படுத்திருச்சே சாமி" என்றார். அந்த அம்மா பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பகலும் இரவுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை பால். இரவில் கொடுப்பது பால் சுரப்பைத் தூண்டும் என்பதால் அதை விடவே கூடாது என்றார் செவிலியர். முதல் நாலு நாள் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. குழந்தையும் அழுதது, அம்மாவும் அழுதாள். நான் தினமும் காலையில் போன் செய்து "எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனா?" என்று கேட்பேன். ஆறு தடவைக்கு மேல் போனால் பால் போதுமான அளவு போகிறது என்று அடையாளம். என் பேரன் பேத்திகளுக்குக்கூட நான் இப்படிக் கணக்கு வைத்ததில்லை.

ஆறாம் மாதம் எடை 6.5. புள்ளி வைத்துக் கோடு இழுத்து அங்கன்வாடிப் பெண் எனக்கு போட்டோ அனுப்பினாள். கும்பிடு, பூங்கொத்து ஒன்றும் போடவில்லை, வெறும் கோடு. அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஆறு மாதம் முடிந்ததும் அதே ராகி திரும்ப வந்தது, இந்த முறை சரியான நேரத்தில், சரியான பதத்தில். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, கெட்டியாக நிற்க வேண்டும். தாய்ப்பாலோடு சேர்த்து இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நாலு வேளை. பருப்பு, கீரை, மசித்த காய், ஒரு சொட்டு நெய் அல்லது எண்ணெய். நம் சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அது மரவள்ளி மாவுச்சத்து. வயிறு நிறையும், புரதம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தினமும் அதையே கொடுத்துக் குழந்தையை வளர்க்க முடியாது.

முட்டைதான் பெரிய சண்டை. "ஒரு வயசு ஆகாம முட்டையா?" என்று வீட்டில் எல்லோரும். நாமக்கல்லிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை லாரி ஏறிப் போகிறது. அந்த லாரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற குழந்தைக்கு முட்டை கிடையாது! ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில் ஒன்று தினமும் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. நன்றாக வேகவைத்து மசித்து, முதலில் கால் ஸ்பூன், ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துப் பிறகு கூட்டலாம். முட்டை சாப்பிடாத வீடுகளில் பருப்பு, பயறு, தயிர், வேர்க்கடலையை மை போல அரைத்தது. தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். அரிதாக அதனால் வருகிற நஞ்சு சின்னக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். பிறந்ததும் சேனை வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன என்று தெரியும். அந்த நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது சீம்பால் ஒன்றுதான், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்.

போன வாரம் போயிருந்தேன். பாப்பாவுக்குப் பத்தாம் மாதம். மடியில் வைத்து முட்டை மஞ்சள் ஊட்டினேன். பாதியை விழுங்கினாள், மீதியை என் சுங்குடிச் சேலையில் துப்பினாள். ஒன்பதாம் மாத எடை 7.6 கிலோ. அவள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கொடுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இனி உங்களிடம் கேட்பது. அந்த ராகிப் பால் மெசேஜை நான் நம் குழுவில் அழித்துவிட்டேன். ஆனால் உங்களில் பலர் வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பீர்கள், உங்கள் அம்மா, மாமியாருக்குக் காட்டியிருப்பீர்கள். என் பெயரோடு எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் இந்தப் பதிவையும் அனுப்புங்கள். "டீச்சர் தப்புன்னு சொல்லிட்டாங்க" என்று சேர்த்தே அனுப்புங்கள். அந்த மெசேஜைப் பார்த்து யாராவது ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்க ஆரம்பித்திருந்தால், வெட்கப்படாமல் குழந்தையின் அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இந்த வாரமே போங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 104-க்குக் கூப்பிடுங்கள், எனக்கு வேண்டாம். நான் கணக்கு டீச்சர்.

வரைபடம் பார்க்கத் தெரியவில்லை என்றால் மட்டும் அட்டையை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். மதியம் தூங்குவேன்.